ஒழுகும் கூரைக்கு உபயதாரர் கிடைப்பதில்லை

கும்பாபிஷேகம் என்று சொல்லிப் பாருங்கள், பணம் வரும். பந்தலுக்கு ஒருவர், யாகசாலைக்கு ஒருவர், அன்னதானத்துக்கு நாலு பேர் என்று போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். கருவறைக்கு முன்னால் உள்ள அர்த்தமண்டபத்தில் மழை ஒழுகுகிறது, கூரையைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். "அடடா, அப்படியா?" என்பார்கள். அதோடு சரி.

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் திருப்பணிக் குழுவில் கணக்கு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஊர் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் அலுவலர்கள், ஒப்பந்தக்காரர், என் சொந்தக்காரர்கள் எல்லோரும் யாரென்று தெரிந்துவிடும். சிலரைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டியிருப்பதால் பெயர் வேண்டாம்.

கோயில் சிறியது. கோபுரம் கிடையாது, மொட்டை வாசல்தான். இந்து சமய அறநிலையத்துறையின் கீழ் இருக்கிறது; ஒரே செயல் அலுவலர் இதைப் போலப் பல கோயில்களைப் பார்த்துக்கொள்கிறார். நிலம் காகிதத்தில் இருக்கிறது, குத்தகை பாக்கியில் இருக்கிறது. விமானத்தில் அரசமரம் முளைத்து, வேர் கல் இடுக்குகளைப் பிளந்துகொண்டு இறங்கியிருந்தது. கூரையின் பழைய சுண்ணாம்புத் தளத்தின் மேல் முந்தைய உபயதாரர்கள் சிமெண்ட் கொட்டியிருந்தார்கள். சுற்றுப் பிரகாரத்தை ஒவ்வொரு திருப்பணியிலும் கொஞ்சம் உயர்த்தி உயர்த்தி, கோயிலின் அடிப்பீடமான அதிட்டானத்தில் கீழ் வரிசையான ஜகதி முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது; அதற்கு மேல் வரிசையான குமுதமும் பாதி உள்ளே. கல்வெட்டு இருப்பது அங்கேதான். மழைக்காலத்தில் வெளித் தண்ணீர் படி தாண்டி உள்ளே வரும்.

குழுவின் முதல் கூட்டத்தில் ஒரு வேலைப் பட்டியல் போட்டார்கள். பிரகாரம் முழுவதும் பளபளப்பான கிரானைட் தளம், தெரு முனையில் அலங்கார வளைவு, எவர்சில்வர் கம்பித் தடுப்பு, விமானத்துக்குப் பஞ்சவர்ணம், வண்ண விளக்கு. 'மராமத்து' என்று ஒரு வரி கடைசியில் இருந்தது. கூரை அதற்குள் அடக்கமாம். யாரையும் குறை சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குத்தான் பணம் கேட்க வாய் வரும், பெயர் பொறித்த கல் பதிக்கவும் அங்கேதான் இடம் இருக்கும். கூரை மேல் ஏறி யார் பெயரைப் படிக்கப் போகிறார்கள்?

இதில் நான் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி ஒன்றே ஒன்றுதான். பணம் எப்போதும் தனக்குப் பிடித்ததைத்தான் கட்டும். ஆகவே ஒரு ரூபாய் வசூலிப்பதற்கு முன்னாலேயே எதை, எந்த வரிசையில் செய்வது என்று எழுதி, கையெழுத்து வாங்கி, கோயில் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

அந்த வரிசையை எங்களுக்குப் போட்டுக் கொடுத்தவர் ஒரு வயதான ஸ்தபதி. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மேலிருந்து கீழே வாருங்கள் ஐயா. தண்ணீர் எந்த வழியில் வருகிறதோ, வேலையும் அந்த வழியிலேயே வர வேண்டும்" என்றார். அதன்படி முதலில் விமானத்து மர வேர், அடுத்தது கூரை, பிறகு மழைநீரை வெளியே தள்ளும் நீர்த்தாரைகள், அதன்பின் பிரகாரத்தைத் தோண்டிப் பழைய மட்டத்துக்கு இறக்குவது, கடைசியாக வெளியே வடிகால். கிரானைட் பட்டியலிலேயே இல்லை. தளத்தை உயர்த்துவதற்குச் சேர்க்கவிருந்த பணத்தைத் தளத்தைத் தாழ்த்துவதற்குக் கேட்கப் போகிறோம் என்றதும் குழுவில் இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள்.

மற்றவர்களைச் சமாதானப்படுத்த வாதம் எதுவும் பயன்படவில்லை. ஒரு வேன் பிடித்துத் துக்காச்சி ஆபத்சகாயேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போனோம். கும்பகோணம் பக்கத்திலேயே இருக்கிறது; பழைய முறையில் புதுப்பிக்கப்பட்டு, யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது பெற்ற கோயில். கிரானைட் கேட்டவர்களே அங்கே கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் ஊரிலும் பேச்சு முற்றினால் இப்படி ஒரு நல்ல இடத்துக்கு அழைத்துப் போங்கள். வேன் வாடகைதான் திருப்பணியிலேயே மிகப் பயனுள்ள செலவு.

அடுத்தது அனுமதி. துறைக் கோயிலுக்கு ஊர்க்காரர்களே ரசீதுப் புத்தகம் அச்சடித்து வசூலில் இறங்குவது வம்பை விலைக்கு வாங்குவது. முறையான வழிகள் இரண்டு. பணத்தைக் கோயிலின் வங்கிக் கணக்கில் கட்டி, கோயில் முத்திரையுடன் ரசீது வாங்கலாம்; துறை ஒப்பந்தப்புள்ளி கோரி வேலையைச் செய்யும். அல்லது உபயதாரர் வேலையாக, அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டின்படி, துறையின் மேற்பார்வையில் கொடையாளரே செய்து கொடுக்கலாம். எதுவானாலும் மதிப்பீடு, தொழில்நுட்ப ஒப்புதல், பழமையான கோயில் என்றால் வல்லுநர் குழுவின் பார்வை எல்லாம் வேண்டும். பழைய கோயில்களில் நினைத்தபடி கைவைக்கும் பழக்கத்துக்குக் கடிவாளம் போட்டு, 2021 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் 75 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது நினைவிருக்கலாம். அலைச்சல் உண்டு, மறுக்கவில்லை. ஒரு மேசையில் எங்கள் கோப்பு ஓர் அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடையே அசையாமல் கிடந்தது. ஆனாலும் அந்த அலைச்சலில் ஒரு நன்மை இருந்தது. வல்லுநர் ஒருவர் வந்து பார்த்து, கல் சுவர்களை மணல் வீசிச் சுத்தம் செய்யும் யோசனையைத் தடுத்தார். மணலை வேகமாகப் பீய்ச்சினால் அழுக்கோடு எழுத்தும் போய்விடும். உழவாரப் பணிக்கு வரும் அன்பர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். அப்பர் பெருமானின் உழவாரம் புல்லைச் செதுக்கியது. கல்வெட்டின் மேல் இரும்புத் தூரிகை போடச் சொல்லவில்லை.

இனி அரசுப் பணம். துறையில் கிராமப்புறக் கோயில் திருப்பணிக்கு நிதியுதவி இருக்கிறது. ஒரு கோயிலுக்கு 1 லட்சம் ரூபாயாக இருந்தது பிறகு 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. சிறிய மாரியம்மன் கோயிலுக்கோ ஐயனார் கோயிலுக்கோ அது பெரிய கைகொடுப்பு. கற்றளி எனப்படும் கல் கோயிலுக்குச் சாரம் கட்டவும் வேரை எடுக்கவும் சரியாகப் போய்விடும். வசதியுள்ள கோயில்களின் பணத்திலிருந்து வறிய கோயில்களுக்கு உதவ ஆணையரின் பொது நல நிதி என்று ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும், மதிப்பீடு தயாராக இருந்தால்தான் கேட்க முடியும். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான கோயில்களுக்காக 2022-23 நிதிநிலை அறிக்கையில் அரசு தனியாக 100 கோடி ரூபாய் அறிவித்தது. எங்கள் வாசல் பலகையிலும் 'ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த' என்றுதான் எழுதியிருந்தார்கள். கல்வெட்டு மூன்றாம் குலோத்துங்கன் காலத்தது. அவன் பட்டத்துக்கு வந்தது 1178இல். எண்ணூறுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். விண்ணப்பத்தில் ஆயிரம் என்று போடலாமா என்று ஒருவர் கேட்டார். கல்வெட்டு ஆண்டறிக்கையைப் புரட்டுகிற ஒரே ஓர் அதிகாரி போதும், மற்ற விண்ணப்பங்களும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும். எண்ணூறு என்றே எழுதினோம்.

நிலத்தைப் பற்றிப் பேசாமல் நிதியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. கோயிலின் சொத்து எதுவென்று அறிய, அறநிலையத்துறைச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி பராமரிக்கப்படும் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். அதை வருவாய்த்துறையின் சிட்டாவோடும் 'அ' பதிவேட்டோடும் ஒப்பிடுங்கள். கோயில் நிலங்களின் விவரங்களைத் துறையே 2021இலிருந்து இணையத்தில் ஏற்றி வைத்திருப்பதால் முன்னைப் போல யார் காலையும் பிடிக்க வேண்டியதில்லை. குத்தகை பாக்கிக்கு வருவாய் நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் முதலில் பாக்கிதாரர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசுவது நல்லது. எங்கள் ஊரில் பாக்கி வைத்திருந்தவர்களில் சிலர் திருப்பணிக் குழுவிலேயே இருந்தார்கள்! அவர்கள் பெயரை மட்டும் தனியாக வாசிக்காமல், மொத்தப் பட்டியலையும் அகரவரிசையில் கூட்டத்தில் வாசித்தேன். அடுத்த போக நெல் விற்றதும் பாதிப் பேர் கட்டிவிட்டார்கள்.

கோயிலுக்காக வீட்டுக்கு வீடு வாங்கும் தலைக்கட்டு வரி கொஞ்சம் கசப்பான கதை. ஊர் வழக்கப்படி நான்கு தெருக்களில் மட்டும்தான் வரி. வாய்க்காலுக்கு அப்பால் உள்ள தலித் குடியிருப்பில் வாங்குவதில்லை. 'பாவம், அவர்களிடம் ஏன் வாங்க வேண்டும்' என்று அதை ஒரு சலுகை போலச் சொல்வார்கள். உண்மையான காரணம் எல்லோருக்கும் தெரியும். வரி வாங்கினால் பரிவட்ட மரியாதையிலும் பங்கு கேட்பார்கள். இந்த முறை செயல் அலுவலர் வாசலில் மேசை போட்டு, கோயில் ரசீது கிழித்தார். அரசு ரசீதுக்குத் தெரு தெரியாது. அந்தக் குடியிருப்பிலிருந்து வந்து கட்டினார்கள், கல்லூரியில் படிக்கும் பெண் பிள்ளைகள் உட்பட. முகம் சுளித்த இரண்டு வீடுகள் கட்டாமல் ஒதுங்கின. ஒதுங்கட்டும் என்று விட்டோம். பரிவட்டம் யாருக்குமே கிடையாது என்று முடிவானது. அதனால் வந்த மனத்தாங்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால் கூரைக்கான பணத்தில் கணிசமான பகுதி சிறு ரசீதுகளில் வந்ததுதான். பெரிய உபயதாரர் கிரானைட் கேட்பார். 500 ரூபாய் கட்டுகிறவர் எதுவும் கேட்பதில்லை.

கூரைக்குப் பணம் கேட்க இரண்டு உபாயங்கள் கைகொடுத்தன. ஒன்று, கூரையைச் சதுர அடிகளாகப் பிரித்து விலை சொன்னோம். 'மராமத்துக்குக் கொடுங்கள்' என்றால் கொடுக்காதவர்கள், 'சாமிக்கு நேர் மேலே பத்துச் சதுர அடி உங்களுடையது' என்றால் கொடுத்தார்கள். இரண்டாவது, யாகசாலை, பந்தல், அன்னதான உபயங்களைக் கூரைப் பணம் சேரும்வரை திறக்கவே இல்லை. அன்னதானம் என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்குத்தான் என்று என் சித்தப்பாவே சண்டைக்கு வந்தார். "சித்தப்பா, கூரை முடியட்டும், அன்னதானம் எங்கேயும் ஓடிவிடாது" என்றேன். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு கூரைக்கும் சேர்த்துக் கொடுத்தார், அன்னதானம் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை எங்களைப் போன்ற ஊர்கள் எட்டாக்கனி என்றே நினைக்கின்றன. கம்பெனிகள் சட்டம் 2013இன் ஏழாவது அட்டவணையில், வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த கட்டடங்களைப் புதுப்பிப்பதும் செலவிடத்தக்க பணிகளில் ஒன்று. மத விழாவுக்கு அந்தப் பணம் வராது. "மாமா, விண்ணப்பத்தில் கும்பாபிஷேகம் என்ற வார்த்தையே வரக்கூடாது" என்று என் மாப்பிள்ளை முன்கூட்டியே எச்சரித்தார். எனவே கட்டடத்தின் காலம், கல்வெட்டு, சேதத்தின் படங்கள், கூரை வேலையின் மதிப்பீடு, துறையின் ஒப்புதல் இவை மட்டும். கிராமக் குழுவிடம் நேராகப் பணம் தரமாட்டார்கள். அதற்கென்று மத்திய அரசில் பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்று நடுவில் வேண்டும். பழைய கட்டடங்களில் வேலை செய்து அனுபவமுள்ள ஓர் அறக்கட்டளையைப் பிடித்தோம். தொழில்நுட்ப ஆலோசனைக்கு மட்டுமானால் இன்டாக் போன்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பை அணுகலாம்.

வரிச்சலுகை விஷயத்தில் வாயை அடக்க வேண்டும். 'எண்பது ஜி உண்டா?' என்பது நகரத்துக் கொடையாளரின் முதல் கேள்வி. எல்லாக் கோயிலுக்கும் கிடையாது. வரலாற்று, தொல்லியல் அல்லது கலைச் சிறப்புடைய வழிபாட்டிடம் என்று மத்திய அரசு அறிவிக்கை செய்திருந்தால், அதன் பழுதுபார்ப்புக்குத் தரும் நன்கொடையில் பாதிக்கு, வருமானத்தை ஒட்டிய உச்சவரம்புக்குள் கழிவு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. எங்கள் கோயில் அந்த அறிவிக்கையில் இல்லை. இல்லை என்றே சொன்னோம். ஒருவர் பின்வாங்கினார், மற்றவர்கள் கொடுத்தார்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்களின் பணத்தில் இன்னும் கவனம் வேண்டும். துபாயில் இந்தியக் கடவுச்சீட்டோடு வேலை பார்க்கும் தம்பி தன் சேமிப்பிலிருந்து அனுப்புவது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட அவருடைய அண்ணன் அனுப்பினால் ஆகும். அதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்கும் வேண்டும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், என்ன செய்வது? அண்ணனிடம் பணம் வேண்டாம் என்று எழுதுவது சங்கடமாகத்தான் இருந்தது. பணத்துக்குப் பதில் அவர் விடுமுறையில் வந்து எங்கள் கோயிலைப் படம் பிடித்து, அளவெடுத்துக் கொடுத்தார். அந்தப் படங்கள்தான் நிறுவனத்துக்குப் போன விண்ணப்பத்தில் இருந்தன.

நெல்லைச் சீமையில் பழைய தேவாலயம் ஒன்றைப் பழுதுபார்த்த நண்பரும் இதே பாட்டைத்தான் பாடினார். சொந்தக் கட்டடத்தில் இயங்கும் தேவாலயங்களுக்கு, கட்டடத்தின் வயதைப் பொறுத்து மாநில அரசின் சீரமைப்பு நிதி உண்டு. ஆனால் அந்த வேலைக்கு வெளிநாட்டுப் பணம் வாங்கியிருக்கக் கூடாது. அங்கேயும் கோபுரத்து மின்விளக்குக்குக் கொடையாளர் இருந்தார்களாம், கறையான் அரித்த உத்தரத்துக்கு இல்லையாம்.

பாலாலயம் பற்றி ஒரு வார்த்தை. வேலை தொடங்குமுன் சாமியின் சக்தியைப் படத்திலோ மரப்பலகையிலோ ஆவாகனம் செய்து வேறிடத்தில் வைத்துவிட்டால், மூலவருக்கு வழிபாடு நின்றுவிடும். நல்ல நாள் பார்த்து, உற்சாகத்தில் இதை முதலில் செய்துவிடுகிறார்கள். பக்கத்து ஊரில் அப்படிச் செய்து, பணம் தீர்ந்து, சாமி பல ஆண்டுகள் தகரக் கொட்டகையில் இருந்தார். கூரைக்கும் விமானத்துக்கும் முழுப் பணமும் வங்கியில் சேர்ந்த பிறகே பாலாலயம் என்று நாங்கள் தீர்மானம் போட்டோம். குருக்கள்தான் இதற்கு முதல் ஆதரவு.

வேலை எப்படி நடந்தது என்பதை நான் ரசித்து எழுதினால் பக்கம் போதாது. சிமெண்டைப் பெயர்த்ததும் கீழே பழைய காரை ஈரமாக, களிமண் போல இருந்தது. சிமெண்ட் மேலிருந்து தண்ணீரைத் தடுப்பதாக நினைக்கிறோம். அது விரிசல் விட்டதும் உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்தார்கள். அதன் மேல் தட்டை ஓடு. சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களுக்குக் கூலி அதிகம். நேரமும் அதிகம் பிடிக்கும். மதிப்பீட்டில் இதை முதலிலேயே எழுதாவிட்டால் ஒப்பந்தக்காரர் பாதியில் சிமெண்டுக்குத் தாவுவார். எங்கள் ஒப்பந்தக்காரர் நீர்த்தாரை அருகே ஒரு மூலையில் தாவிப் பார்த்தார். பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல், ஒவ்வொரு பகுதியும் முடிந்து ஸ்தபதி பார்த்த பிறகே கொடுப்பது என்று வைத்திருந்ததால் அந்த மூலையைப் பெயர்த்து மறுபடி செய்தார். பிரகாரத்தைத் தோண்டும்போது ஆள் வைத்துக் கைக்கருவிகளால்தான் செய்தோம். ஜகதி வெளியே வந்தது; அதில் விளக்கெரிக்க ஆடு கொடுத்த ஒரு கல்வெட்டும் தெரிந்தது.

அந்தக் கல்வெட்டு எனக்கு வங்கி நாள்களை நினைவூட்டியது. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, என்றால் பெரும்பாலும் 96 ஆடுகள். நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டியது இடையர் பொறுப்பு. சாகிற ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பும், எண்ணிக்கை குறையாது. முதலைத் தொடாமல் வட்டியில் நடத்துவது என்பது இதுதான். துறையின் ஒருகால பூஜைத் திட்டமும் இந்த வழியில்தான் நடக்கிறது: கோயில் பெயரில் வைப்பு நிதி, வட்டியில் பூஜை. திருப்பணி நிதியில் மிஞ்சியதை அலங்கார வளைவுக்குக் கொடுக்காமல், பராமரிப்புக் கட்டளையாகக் கோயில் பெயரில் வைப்பில் போட வைத்தேன். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் கூரையைக் கூட்டி, நீர்த்தாரை அடைப்பெடுத்து, விமானத்தில் முளைத்த கன்றுகளைப் பிடுங்க வட்டி போதும். பெரிய தொகை அல்ல. ஆனால் இந்தச் சிறு வேலைக்கு ஆள் இல்லாமல்தான் பெரிய வேலைகள் உண்டாகின்றன. ஊரில் மரமேறும் இளைஞர் ஒருவரிடம் இந்தப் பொறுப்பு இருக்கிறது. வேலை முடிந்ததும் மேலிருந்து கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால்தான் கூலி.

கணக்கு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். மாதம் ஒரு முறை வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். பெயர் வேண்டாம் என்றவர்களின் தொகையையும் ரசீது எண்ணோடு போட்டேன். பெயர்க் கற்கள் சுவர்களில் கிடையாது. வாசலை ஒட்டி, மதிலுக்கு வெளியே ஒரே ஒரு பலகைக்கல், எல்லாப் பெயர்களும் அகரவரிசையில், தொகை இல்லாமல். பெரிய தொகை கொடுத்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களில் ஒருவர் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். கல் வெட்டியாகிவிட்டது என்று சொல்லிவிட்டோம்.

கும்பாபிஷேகம் நன்றாகவே நடந்தது. கூட்டம், நாதஸ்வரம், சித்தப்பாவின் அன்னதானம், எல்லாம் உண்டு. அடுத்த ஐப்பசியில் அர்த்தமண்டபம் ஒழுகவில்லை. வடக்கு மதில் இன்னும் பாக்கி. சாய்ந்து நிற்கிறது, முட்டுக் கொடுத்திருக்கிறோம். மதிப்பீடு அலுவலகத்தில் இருக்கிறது, தை பிறந்ததும் ஒப்பந்தப்புள்ளி என்கிறார்கள். மதிலுக்கும் உபயதாரர் யாரும் முன்வரவில்லை. நீளத்தை அடி அடியாகப் பிரித்து விலைப்பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.